ஐஸில் வைத்த கை

மகனே, போன வாரம் நீ பம்பாயிலிருந்து போட்ட டிரங்க் கால் நம் தெருமுனை ஜவுளிக் கடைக்கு வந்து சேர்ந்தது. கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நான் ரிசீவரைக் காதில் வைத்ததும் நீ நலம் விசாரிக்கவில்லை. "சித்தப்பா கல்யாண மண்டபத்துல கால வச்சா, அப்பாவுக்கு அவரு செஞ்சத நான் அவருக்குச் செய்வேன். கைய எடுத்துடுவேன்" என்றாய். கம்பியில் இரைச்சல் அதிகமாக இருந்ததால் கத்திச் சொன்னாய். கடையில் முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்த வேலூர்க் குடும்பம் ஒன்று புடவையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. பெண்ணின் தாயார் மட்டும், "யார் கையம்மா?" என்று கேட்டார். என் கொழுந்தனார் கை என்றேன். சொந்தத்துக்குள்தானே என்பதுபோல் தலையசைத்துவிட்டு அவர் மறுபடி ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கப் போனார். ஒரு கடையே கேட்கச் சொன்ன சொல்லுக்கு உறையை ஒட்டிப் பதில் அனுப்புவது முறையாகாது. அதனால் இதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதுகிறேன். வேலூர்க்காரர்களும் படிக்கலாம்.

உனக்குத் தெரிந்தது உண்மைதான். உன் அப்பாவின் வலது கையை முழங்கை மடிப்பில் வெட்டியது உன் சித்தப்பா. அந்தக் கோடை விடுமுறையில் நீ ஆரணியில் மாமா வீட்டில் இருந்தாய். திரும்பி வந்தபோது அப்பா கையில் கட்டும், பட்டறையின் நடுவே அரைச் சுவரும் இருந்தன. பத்து வயதுப் பிள்ளையாக அந்த இரண்டையும் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாய். அந்த முடிவையே பன்னிரண்டு வருடமாகச் சூடு ஆறாமல் வைத்திருக்கிறாய். சூடு ஆறாமல் வைத்திருப்பதுதான் எனக்குக் கவலை. நான் பெண்கள் பள்ளியில் உயிரியல் எடுப்பவள். இரத்தம் ஓடாத இடத்தில் சூடு என்ன செய்யும் என்று வகுப்பில் வருடா வருடம் சொல்கிறேன். வீட்டில் ஒரே ஒருமுறைதான் சொன்னேன். அதையும் வாயால் சொல்ல முடியாமல் கழியால் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போது பட்டறை ஒன்றுதான், அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. சாயப்பட்டறை எப்படி இருக்கும் என்று பம்பாயில் மின்விசிறிக்கடியில் மறந்திருப்பாய். அடுப்பு மேல் செப்புத் தொட்டி. தொட்டியின் குறுக்கே கழிகள். கழிகளில் வளையம் வளையமாகத் தொங்கும் பட்டு நூல் சிட்டங்களை நீருக்குள் திருப்பித் திருப்பி விட வேண்டும். வெளியே கத்திரி வெயில், உள்ளே ஆவி. சகோதரர்கள் இருவரும் ஒரே வேலையை ஒரே தகப்பனிடம் கற்றவர்கள், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டார்கள். அரக்குச் சாயத்துக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்பது உன் அப்பாவின் மதம். கொதிக்கும் முன்பே தணலைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும், கொதித்தால் பட்டின் மினுமினுப்புப் போய்விடும் என்பது உன் சித்தப்பாவின் மதம். இந்த ஊரில் இதைவிடச் சிறிய வித்தியாசங்களுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்கள் உண்டு. ஆகவே யாரும் இதை விநோதமாக நினைக்கவில்லை.

அன்று ஒரு தொட்டி நூல் திட்டுத்திட்டாக வந்துவிட்டது. அரக்கு கேட்டவனுக்குச் சிரங்கு பிடித்த அரக்கு. நான் மோர் கொண்டு போயிருந்தேன், அதனால் முழுவதையும் பார்த்தேன். தணலை இழுத்தது நீதானே என்று அப்பா கேட்டார். ஆமாம், இழுத்ததால் பாதியாவது பிழைத்தது என்றார் சித்தப்பா. அப்பா நூல் திருப்பும் கழியை எடுத்து அவர் காதோடு சேர்த்து அடித்தார். சித்தப்பா அடுப்படியில் விழுந்தார். எழுந்து அண்ணன் வயிற்றில் தலையால் முட்டினார். இருவரும் சாயச் சேற்றில் உருண்டார்கள். வேலையாட்கள் இரண்டு பேரும் நூல் கெட்டுவிடக் கூடாதே என்று அடுத்த தொட்டியைத் திருப்பிக்கொண்டே பார்த்தார்கள். இதுவரை உனக்குத் தெரிந்திருக்கலாம். உனக்குச் சொல்லப்படாதது இனிமேல் வருவது. உன் அப்பா தம்பியின் பிடரியைப் பிடித்துத் தூக்கி, அடுத்த தொட்டியின் விளிம்புக்குக் கொண்டு போய், முகத்தை ஆவிக்குள் அழுத்தினார். "பாருடா. கொதிக்குதா இல்லையா, பாத்து சொல்லு" என்றார். கொதித்துக்கொண்டுதான் இருந்தது. முகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. பிறகு மூன்று விரல் இருந்தது. உன் சித்தப்பாவின் இடது புருவம் ஏன் முளைக்கவேயில்லை என்று பின்னாளில் ஒருமுறை கேட்டாயே, அது அந்த ஆவியில் போனது. அவர் கை பின்னால் துழாவியது. நூல் கட்டு அறுக்கும் கத்தி கிடைத்தது. பார்க்காமல் மேல்நோக்கி வீசினார்.

சாயப்பட்டறையில் இரத்தத்துக்கு மரியாதை கிடையாது. எல்லோர் கையும் முழங்கைவரை சிவப்பாகவே இருக்கும் இடம் அது. அது சாயமல்ல என்று தெரிவதற்கே சற்று நேரமாயிற்று. பிறகு அது துள்ளித் துள்ளி வருவதைப் பார்த்தேன். துள்ளி வந்தால் தமனி. பாடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். கெட்டுப்போன அரக்கு நூல் சிட்டம் ஒன்றை எடுத்து, முழங்கைக்கு மேலே சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். இரத்தம் நின்றது. அந்தத் திட்டு நூல் ஒரு காரியத்துக்கு உதவியது அப்போதுதான். கை வெளுத்தது. உள்ளங்கை மெழுகுபோல ஆனது. உன் அப்பா ஒரு சத்தமும் போடவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ தவறாகச் சாயம் போட்ட சரக்கைப் பார்ப்பதுபோல.

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. அது அன்போடு வந்தது. உன் அத்தை ஓடிவந்து உன் அப்பாவின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுனு பூடுச்சும்மா. தொட்டியில வையி. சூட்டுல தான் ரத்தம் இறங்கும்" என்றார். அவரைக் குற்றம் சொல்லாதே. அந்தக் குடும்பம் பரம்பரையாக அறிந்தது அது ஒன்றைத்தான். குளிர்ந்த தண்ணீரில் பட்டு எதையும் குடிக்காது, சூட்டில்தான் குடிக்கும். வெளுத்துப் போன எந்தப் பொருளுக்கும் நிறம் திரும்ப வேண்டுமென்றால் வெந்நீரில் முக்க வேண்டும். கையும் வெளுத்திருந்தது. வேலையாட்கள் இருவரும் இளஞ்சூட்டு அலசல் தொட்டியை இழுத்து வந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் தவிட்டு ஒத்தடம் தயார் செய்துகொண்டு நின்றார். வெட்டியவரைத் தவிர அத்தனை பேரும் அந்தக் கையைக் கொல்ல அன்பாகத் தயாரானார்கள்.

இங்கே ஒரு பாடத்தைச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். தசை உயிரோடிருக்கப் பிராணவாயு வேண்டும். அதை இரத்தத்தின் சிவப்பணு சுமந்து வருகிறது. சூடான இடத்துக்கு வந்தால் அது பிடியைத் தளர்த்தி வாயுவைத் தாராளமாக விடும். ஓடும் கால், தறி மிதிக்கும் தொடை, இவையெல்லாம் சூடேறி இருக்கும். சூடு இருக்கும் இடத்தில் தேவையும் அதிகம், கொடுப்பதும் அதிகம். நல்ல ஏற்பாடு. குளிரிலோ சிவப்பணு பிடியை இறுக்கிக்கொள்ளும். தசையும் அதிகம் கேட்காது. பத்து டிகிரி குளிர்ந்தால் அதன் பசி ஏறக்குறைய பாதியாகக் குறையும். சரி, இரத்தமே வராத கையில் என்ன நடக்கும்? நாம் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது, அதையே உதாரணமாக வைத்துக்கொள். கடை மூடிவிட்டது. வீட்டில் இருப்பது கொஞ்சம் அரிசி. அந்த நேரத்தில் வீட்டிலிருப்பவர்களுக்குப் பசியைத் தூண்டிவிட்டால் சீக்கிரம் தீர்ந்துபோகும். தூங்க வைத்தால் கடை திறக்கும்வரை தாங்கும். வெந்நீர் அந்தக் கைக்குப் பசியைத் தூண்டும், ஒரு பருக்கையும் கொண்டுவராது. குளிர்தான் தூங்க வைக்கும்.

இதை நான் அங்கே சொன்னேன். இன்னும் சுருக்கமாக, மரியாதையாகச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. டீச்சரம்மா பயந்துட்டாங்க என்றார் ஒரு வேலையாள். அவர்கள் உன் அப்பாவின் கையைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கப் போனார்கள். மகனே, மாணவிகளைப் பிரம்பால் தொடக்கூடாது என்று தலைமையாசிரியையோடு வாதாடியவள் நான். கீழே கிடந்த கழியை எடுத்து உன் அத்தையின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். பிறகு ஒரு வேலையாளின் முழங்காலில். தவிட்டு மூட்டையோடு நெருங்கிய பக்கத்து வீட்டு அம்மாளின் மூட்டையை அடித்தேன், தவிடு பறந்தது. தொட்டியைக் காலால் உதைத்துக் கவிழ்த்தேன். இதில் எந்த அடிக்கும் இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. உன் அத்தை இப்போதும் மழைக்காலத்தில் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "டீச்சரம்மா எனக்கு எடுத்த பாடம்பா இது" என்று வந்தவர்களிடம் பெருமையாகக் காட்டுகிறார்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு எதிராக நிற்காத ஆள் ஒருவர்தான். அவர் கத்தியோடு அடுப்போரம் அப்படியே நின்றுகொண்டிருந்தார். ஒற்றைப் புருவம் வெந்து போயிருந்தது. அவருக்கு எந்தக் கருத்தும் இல்லை. உலகத்தில் ஒரு வேலையைச் செய்து முடிக்க அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். "ஐஸு கொண்டாங்க தம்பி. முழுக் கட்டி. ஓடுங்க" என்றேன். ஓடினார். பேருந்து நிலையத்துப் பக்கத்தில் சர்பத் கடை பாய் உமிக்குள் புதைத்து ஐஸ் வைத்திருப்பார். இரத்தம் சொட்டும் சட்டையோடு, கையில் கத்தியோடு ஓர் ஆள் வந்து நின்று ஐஸ் கேட்டதும், பாய் எவ்வளவு வேண்டும், என்ன விசேஷம் என்று எதுவும் விசாரிக்காமல் முழுக் கட்டியைத் தூக்கிக் கொடுத்தாராம். கோணி கொடுக்க மட்டும் மறந்துவிட்டார். உன் சித்தப்பா அதை வெறும் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், அந்த வெயிலில் ஓடி வந்தார். கத்தியை எங்கே போட்டார் என்று அவருக்கும் தெரியாது.

வெட்டுக்காயத்தை மூடிக் கட்டி, கையை ஈரத் துணியில் நன்றாகச் சுற்றினேன். ஐஸ் நேராகத் தோலில் படக்கூடாது, சதை உறைந்தால் அதுவும் சாவுதான். சோறு எடுக்கும் பித்தளை அன்னக்கூடையில் உடைத்த ஐஸைப் போட்டு, அதில் கையை வைத்து, வாடகைக் காரில் மெட்ராஸுக்குப் புறப்பட்டோம். தமனியைத் தைக்கும் ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். பின் இருக்கையில் ஒரு பக்கம் நான், நடுவில் அப்பா, மறுபக்கம் அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா. அவரை ஏன் ஏற்றினாய் என்று நீ கேட்பாய். கூடையை ஆடாமல் பிடிக்க ஆள் வேண்டும். அவர் கையும் ஏற்கெனவே மரத்துத்தான் இருந்தது.

 வழியில் உன் அப்பா பேசினார். உயிர் போகும் தறுவாயில் மனிதர்கள் என்ன பேசுவார்கள் என்று புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் அவர் பேசவில்லை.

"உண்மைய சொல்லுடா. தணல இழுக்கச் சொல்லோ கொதிச்சுதா, கொதிக்கலையா?"

"கொதிக்கலண்ணா" என்றார் சித்தப்பா, கூடையைப் பார்த்தபடியே. "கொதிக்க வுடக்கூடாது. பட்டு செத்துப்பூடும்."

அன்னக்கூடைக்குள் ஐஸ் கலகலவென்று சத்தம் போட்டது. என்னவென்று பார்த்தால், உன் அப்பா அந்தக் கையால் முஷ்டி மடக்க முயன்றுகொண்டிருந்தார். அடிப்பதற்கு அவருக்குப் பழக்கப்பட்ட கை அதுதான். நான் சத்தமில்லாமல் சொன்னேன்: "அடிக்கறதுன்னா தைச்சப்புறம் அடிங்க. இப்ப வெரல ஆட்டினா அந்தச் சதை மூச்சு கேக்கும். குடுக்க ஒண்ணும் இல்ல." விரல்கள் நின்றன. சதை அசைந்தாலும் சூடுதான், கோபப்பட்டாலும் சூடுதான் என்று நான் வகுப்பில் சொல்வதை என் வீட்டில் ஒருவர் கேட்டு நடந்தது அன்றுதான். ஸ்ரீபெரும்புதூரில் ஐஸ் கரைந்துபோயிற்று. ஒரு சோடாக் கடையில் மறுபடி வாங்கிப் போட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது சித்தப்பாவின் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகக் கூடையிலிருந்து பிரித்தேன். அவையும் வெளுத்து நீலம் பாய்ந்திருந்தன. அண்ணன் தம்பி இருவர் கையும் அப்போது ஒரே நிறம்.

வாசலில் போலீஸ்காரர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். கண்ணாடி மேல விழுந்தேன் என்றார் உன் அப்பா. எந்தக் கண்ணாடி என்றார் அவர். உடைஞ்ச கண்ணாடி என்றார் அப்பா. அதோடு அந்த விசாரணை முடிந்தது. தைத்த டாக்டர் வெளியே வந்து, ஐஸில் வைத்தது யார் யோசனை என்று கேட்டார். சூட்டில் வைத்திருந்தால் தைப்பதற்குப் பதிலாக அறுப்பதற்குத்தான் நேரம் இருந்திருக்கும் என்றார். நான் பாடப்புத்தகம் என்றேன். ஐஸைத் தூக்கி வந்தவரைச் சுட்டிக்காட்டலாம் என்று திரும்பினேன். அவர் வராந்தாக் கோடியில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

அன்று மாலை உன் அப்பாவுக்கு மயக்கம் தெளிந்தது. கை வீங்கிச் சிவந்திருந்தது. அப்போதுதான் கத்தினார். வெட்டியபோது கத்தாதவர், முறுக்கிக் கட்டியபோது கத்தாதவர், கார் குலுங்கியபோது கத்தாதவர், இரத்தம் திரும்பி வந்ததும் அந்தக் கட்டடம் அதிரக் கத்தினார். நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "கத்தட்டும்மா. கத்தறாருன்னா கை இருக்குது" என்றார். பட்டினி கிடந்த சதை மறுபடி சாப்பிடத் தொடங்கும்போது அப்படித்தான் வலிக்கும். ஆனால் வராந்தாவில் நின்றவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர் அந்தக் கத்தலைக் கேட்டார். கையை எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பேருந்து ஏறி ஊருக்கு வந்துவிட்டார். நாங்கள் திரும்பியபோது, அண்ணன் முகத்தில் விழிக்க முடியாதென்று அவர் பட்டறையில் அரைச் சுவர் எழுப்பியிருந்தார். கை தப்பியது என்று தெரிந்த பிறகும் அவர் அதை இடிக்கவில்லை, இவரும் இடிக்கச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கொதிக்காமல் சாயம் போடுகிறார்கள், இந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்கப் போடுகிறார்கள். இரண்டு சரக்கையும் பக்கத்தில் வைத்தால் இந்த ஊரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

ஐஸ் எதையும் குணப்படுத்தாது. தைக்கும்வரை நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். தைத்த பிறகும் கையை ஐஸிலேயே வைத்திருந்தால், இரத்தம் வரும், ஆனால் குளிரில் பிடியை இறுக்கிக்கொண்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கடந்துபோய்விடும். வைகாசியில் பெருமாள் நம் தெருவில் எழுந்தருளும்போது கூட்டத்தோடு உன் சித்தப்பா வருவார், பார்த்திருப்பாய். நம் வாசலுக்கு வந்ததும் கால் சற்றுத் தயங்கும். பிறகு போய்விடுவார். பன்னிரண்டு வைகாசி அப்படி வந்து அப்படியே போனார். உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, இதை மட்டும் நினைவில் வை. உனக்கும் உன் மனைவிக்கும் என்றாவது பேச்சு அறுந்தால், அந்த நிமிடமே சூடாகப் பேசித் தீர்க்கப் பார்க்காதே. இருக்கும் கொஞ்ச மூச்சும் அதில் செலவாகும். குளிர விடு, அசையாமல் இரு. ஆனால் குளிரை வீடாக்கிக்கொண்டு குடியிருந்துவிடாதே. தைக்க ஆள் தேடு. நாங்கள் தேடவில்லை. குளிரே வசதியாக இருந்தது.

தேடியது உன் அப்பாதான், மிகத் தாமதமாக. உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் தாம்பூலத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். கூப்பிடவில்லை, பேசவில்லை. தட்டை அரைச் சுவர் மேல் வைத்துவிட்டு நூல் திருப்பப் போய்விட்டார். மதியம் பார்த்தால் தட்டு காலியாக இருந்தது. ஒரு வாரம் கழித்து அதே தட்டில், அதே சுவர் மேல், அரக்கு நூல் சிட்டங்கள் வந்திருந்தன, கூறைப்புடவைக்கென்று. உன் அப்பா அவற்றை வெயிலுக்குக் கொண்டு போனார். வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்காது என்பதால் பல்லால் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு சிட்டமாக விரித்து, திட்டு இருக்கிறதா என்று தேடினார். வெகுநேரம் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "கொதிக்க வச்சிருக்கான்" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெயில் அதிகம் என்றார். உனக்கு மனைவியாகப் போகிறவள் உடுத்தப் போவது அந்த நூலில் நெய்த புடவை.

ஆக, உன் சித்தப்பா கல்யாணத்துக்கு வருகிறார். மண்டபத்தில் காலை வைப்பார். உன் அப்பாவை நான் அறிந்தவரை, அவரைக் கண்டதும் அப்பா கத்துவார். பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வரும்படி, நாதஸ்வரம் நிற்கும்படி, வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். அதைக் கேட்டு யாரும் எதையும் அறுக்கிறார்கள் என்று நினைக்காதே. சித்தப்பா மறுபடியும் அப்படி நினைத்து வாசல் பக்கம் நகர்ந்தால் அவர் வழியை மறித்து நில். அதுதான் மாப்பிள்ளையான உனக்கு என் வேண்டுகோள். அதை விட்டு நீயும் கையை ஓங்கிக்கொண்டு உள்ளே பாய்வதாக இருந்தால், ஒன்று தெரிந்துகொள். அந்தக் கழி இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. எடுத்து, கழுவி, வெயிலில் காயவைத்து, மண்டபத்துக்கு அனுப்ப வேண்டிய சாமான்களோடு சேர்த்து வைத்துவிட்டேன். தாலி கட்டுமுன் மாப்பிள்ளையின் மணிக்கட்டு வீங்கியிருந்தால் முடிச்சுப் போடச் சிரமமாக இருக்கும். யோசித்து வா.